ஒரு புள்ளி, இரண்டு பெயர்

செப்டம்பர் 9, செவ்வாய்

உறுதியானது: ‘கடல் விண்மீன்’ படகு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆதாரம்: பாறைத்துறை விசைப்படகுச் சங்கத்தின் கண்காணிப்புத் திரை. நானே பார்த்தேன். சங்கச் செயலாளர் அலோசியஸ் உடனிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து அந்தப் படகிடமிருந்து ஒன்றும் வரவில்லை. காற்று கடுமையாக இருந்த மாலை அது. படகை ஓட்டும் ஸ்ராங்கு என் தம்பி ததேயு. அவனோடு எட்டுப் பேர். இன்று காலை பதினொரு மணிக்கு முன் திரையில் அதன் புள்ளி அசைந்தது. இருந்த இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, ‘அமல அன்னை’ என்ற எங்கள் ஊர்ப் படகின் புள்ளியோடு சேர்ந்து தெற்கே நகர்ந்தது.

அலோசியஸ் மேசையைத் தட்டினார். “நான் சொன்னம்லா? அவன் எங்கயும் போவ மாட்டான். வியாகுலம் கூட சோடி சேந்துட்டான்.”

எங்கள் ஊர்ப் படகுகள் பல நாள் ஆழ்கடல் தங்கலுக்குப் போனால் திரும்பும்போது இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் வரும். ஒன்றில் எஞ்சின் நின்றால் மற்றது இழுத்து வரும். வியாகுலம், ‘அமல அன்னை’யின் ஸ்ராங்கு. படகில் இருக்கும் கருவி இருக்கும் இடத்தைச் சொல்லுமே தவிரப் பேசாது. வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. எனவே அவர்களிடம் கேட்டுக்கொள்ள வழியில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அலோசியஸ் கடலோரக் காவல் படைக்குப் போன் செய்து, நாளை தேடப் போகவிருந்த விமானம் வேண்டாம் என்றார். நான் 11.20க்கு எங்கள் நாளிதழின் மதுரை அலுவலகத்துக்கு, படகு பாதுகாப்பாக உள்ளது என்று மூன்று வரிச் செய்தி அனுப்பினேன். பிறகு தம்பி மனைவி சுனிதாவை அழைத்தேன்.

“மைனி, கண்ணால பாத்தியளா?”

“பாத்தேன் பிள்ள.”

“கண்ணால?”

“கண்ணாலதான்.”

“அப்ப சரி. ஊர்ல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவினும். நீங்க பாக்காதத சொல்ல மாட்டிய.”

செப்டம்பர் 10, புதன்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் மதியம் வருவதாகச் சொன்னார், வரவில்லை. வாழை விலை பற்றிய விவசாயிகள் கூட்டம் இரண்டு மணி நேரம் நீண்டது.

கூட்டத்தில் உட்கார்ந்தபடி செல்போனில் சங்கத்தின் வரைபடத்தைத் திறந்தேன். இரண்டு புள்ளிகளும் ஒன்றாக இருந்தன. பெரிதாக்கினேன். பிரியவில்லை. இன்னும் பெரிதாக்கினேன். ஒரு பெயரின் மேல் இன்னொரு பெயர் ஏறிக் கிடந்தது. நெருங்கி ஓட்டுகிறார்கள் போலும்.

செப்டம்பர் 11, வியாழன்

சுனிதா மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள். சாப்பிடும்போது செல்போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

“பாருங்க மைனி, உங்க தம்பிய. மனுசன் பொண்டாட்டிட்ட வாறதுக்கு இவ்வளவு மெள்ளயா வருவாரு? அங்க நிக்காரு, இங்க நிக்காரு.”

“வல போட்டிருப்பான்.”

“போட்டும் போட்டும். வீட்டுக்கு வரட்டும், நாஞ்சொல்லுகேன் வலன்னா என்னன்னு.”

சிரித்தாள். வெள்ளிக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். மற்ற எட்டு வீடுகளிலும் இதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். ஒரு வீட்டில் பெரிய டிவியில் போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

பிளம்பர் வந்தார். வாஷர் மாற்றினார். மீண்டும் ஒழுகுகிறது.

புள்ளிகள் கரையை நோக்கித் திரும்பிவிட்டன என்று அலோசியஸ் காலையில் சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, சங்கத்தின் கண்காணிப்பு நிலையத்தில் இருக்கும் படகுப் பட்டியலில் ‘கடல் விண்மீன்’ பெயர் இல்லையே என்று கேட்டேன். வரைபடத்தில் இருக்கிறது, பட்டியலில் இல்லை.

“அது ஒண்ணும் இல்ல. ஆறு மணி நேரம் கருவிட்டருந்து சத்தம் இல்லன்னா பட்டியல்லருந்து வரி போயிரும். முன்னால செவப்புல காட்டும். நம்ம பயலுவ மீனு கண்ட எடத்த அடுத்தவன் அறியப்புடாதுன்னு கருவிய அணச்சிப் போடுவானுவ. இங்க செவப்பப் பாத்து பொம்பளைங்க நெஞ்சில அடிச்சிட்டு ஓடி வருவாளுவ. ரெண்டு தடவ அப்படி ஆச்சு. நாங்கதான் ஜஸ்டஸ்ட சொல்லி செவப்பு வரிய எடுக்கச் சொன்னது.”

“இப்பத்தான் ஓடுதே. வரி திரும்ப வரணுமே?”

“அது அப்படித்தான். கம்ப்யூட்டருக்கு ஒரு கொணம் உண்டு.”

ஜஸ்டஸ் இந்த நிலையத்துக்கு மென்பொருள் எழுதியவர். நாகர்கோவிலில் இருக்கிறார். அவருடைய எண்ணை வாங்கினேன். அழைக்கவில்லை. மழைக்காலப் பயிர்க் காப்பீட்டுச் செய்தி முடிக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து ஒன்பது பேரின் வீட்டாரும் நேராகத் துறைமுகத்துக்கு வந்துவிட்டார்கள். சுனிதா ததேயுவின் துவைத்த சட்டை ஒன்றைப் பையில் வைத்திருந்தாள். சகதியோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காம்.

பத்தரை மணிக்கு ‘அமல அன்னை’ முகத்துவாரத்தைக் கடந்து உள்ளே வந்தது. கூட்டம் அதற்குப் பின்னால் பார்த்தது. பின்னால் அலைதடுப்புச் சுவரும் கடலும் இருந்தன.

“பின்ன வாறானாக்கும்” என்றார் யாரோ.

படகு கரையணைந்தது. கயிறு கட்டினார்கள். செல்போனில் இரண்டு பெயர்களும் துறைமுகத்துக்குள் வந்து நின்றன. ‘கடல் விண்மீன்’ கட்டப்பட்டிருப்பதாகப் படம் சொன்ன இடத்தில் ‘அமல அன்னை’ நின்றது. வேறு படகு இல்லை.

வியாகுலம் இறங்கிவந்தார். சுனிதா அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, அவரு எங்க?”

“எவரு?”

“உங்க கூட வந்தவரு. கடல் விண்மீன்.”

வியாகுலம் என்னைப் பார்த்தார், அலோசியஸைப் பார்த்தார். “ததேயுவா? நான் பாக்கவே இல்லியே பிள்ள. கிளம்புன அன்னிக்கு முகத்துவாரத்துல வச்சிப் பாத்ததுதான். ஏன், அவன் வரலியா?”

“இதுல காட்டுதே அண்ணே.” செல்போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். “ஆறு நாளா காட்டுதே. இங்கதான் நிக்காருன்னு காட்டுதே.”

வியாகுலம் அதை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு தன் படகைத் திரும்பிப் பார்த்தார், அதற்குள் இன்னொரு படகு இருக்குமோ என்பதைப் போல.

மற்றவை எனக்குச் சரியாக நினைவில்லை. சுனிதாவின் பையை யாரோ என் கையில் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

ஜஸ்டஸ் காலை ஏழு மணிக்கே நிலையத்துக்கு வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். இரண்டு மணி நேரம் கணினியைத் துருவினார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்: அலோசியஸ், சுனிதா, நான். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

கடலில் இருக்கும் ஒவ்வொரு படகுக்கும் கணினியின் நினைவகத்தில் ஒரு பதிவு உண்டு. அந்தப் பதிவை உண்டாக்குவதும் வைத்திருப்பதும் கருவி செய்த நிறுவனம் கொடுத்த மென்பொருள். அது சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. ஜஸ்டஸ் எழுதிய பட்டியலும் வரைபடமும் பைத்தான் மொழியில். பைத்தான் அந்தப் பதிவை நேராகத் தொடாது. பதிவைச் சுற்றி ஓர் உறை போட்டு, உறையைத்தான் கையாளும். பைத்தானுக்குள் ஒரு துப்புரவு வேலை தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. எந்தப் பொருளை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லையோ அதை அது அப்புறப்படுத்திவிடும். உறை போகும்போது உள்ளே இருக்கும் பதிவும் போய், இடம் காலியாகும். இல்லாவிட்டால் பழைய பதிவுகள் சேர்ந்து சேர்ந்து நினைவகம் நிரம்பி நிலையமே நின்றுவிடும்.

“நம்ம படகுக்க உறைய யாரு பிடிச்சிருந்தா?” என்று கேட்டேன்.

“பட்டியல், அக்கா. ஆறு மணி நேரம் ஆனதும் பட்டியல் விட்டுட்டு.”

“வரைபடம்?”

ஜஸ்டஸ் கண்ணாடியைக் கழற்றினார். “வரைபடம் உறையப் பிடிக்கல. வேகமா வரையணும்னு பதிவு இருக்குற எடத்துக்க அட்ரஸ மட்டும் வச்சிருந்துது. அட்ரஸ் வச்சிருக்குறது பிடிச்சிருக்குற கணக்குல வராது. துப்புரவுக்குத் தெரியாது. அது தூக்கிட்டுப் போயிட்டு.”

“பெறவு?”

“வீட்ட காலி பண்ணுனா வேற ஆளு குடி வரும்லா. செவ்வாக்கிழம காலைல வியாகுலம் அண்ணன் கருவியப் போட்டாரு. அதுக்குப் புதுசா ஒரு பதிவு வேணும். காலியா கெடந்த அந்த எடத்தக் குடுத்துட்டு. வரைபடம் பழைய பேர வச்சிக்கிட்டு அந்த வீட்டக் கதவத் தெறந்து பாத்துக்கிட்டே இருந்துது. உள்ள இருந்தது அமல அன்னை.”

அலோசியஸ் தலைகுனிந்தார். “செவப்பு வரிய எடுக்கச் சொல்லாம இருந்திருந்தா...”

“எடுத்தது தப்பில்ல. வரைபடமும் உறையப் பிடிச்சிருக்கணும். ஒரு வரி. நான் எழுதியிருக்கணும்.” ஜஸ்டஸ் என்னிடம் சொன்னார், அலோசியஸிடம் அல்ல. “சோதன பண்ணத்தான் செஞ்சேன் அக்கா. எப்பவும் இப்படி ஆகாது. காலியான எடத்துக்கு உடனே வேற ஆளு வந்தாத்தான் இப்படி. சும்மா கெடந்தா பழைய எடத்துலயே நிக்கும். பாக்குறவங்களும் படகு நிக்குதுன்னு நெனப்பாங்க.”

சுனிதா கேட்டாள்: “அப்ப ஆறு நாளா நான் பாத்தது வியாகுலம் அண்ணன?”

“ஆமா தங்கச்சி.”

“கிழங்கு அவிச்சி வச்சிட்டு நான் பேசுனது முழுக்க வியாகுலம் அண்ணன்கிட்டயா?”

அவள் எழுந்து வெளியே போனாள். நிலையத்தில் மின்விசிறி கிறீச்சிடும் ஓசை இருந்தது. அதற்கு எண்ணெய் போடச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தேடுதல் மீண்டும் தொடங்கியது. கடலோரக் காவல் படை அதிகாரி மரியாதையாகவே பேசினார். எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று கேட்டார். ஐந்தாம் தேதி மாலை இருந்த இடம்தான் எங்களிடம் இருக்கும் கடைசி உண்மை என்றேன். பதினோரு நாள் காற்றும் நீரோட்டமும் சேர்ந்தால் எவ்வளவு பரப்பு என்று அவர் சொன்னார். எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு அவர் கேட்டார்: “எட்டாம் தேதி நாங்க பிளேன் ரெடி பண்ணி வச்சிருந்தோம். ஒன்பதாம் தேதி வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஏன் மேடம்?”

திரையில் தெரிந்தது என்றேன்.

மாலையில் செய்தி ஆசிரியர் அழைத்தார். முழுச் செய்தி வேண்டும் என்றார். அமைதியான மனிதர், என் குடும்பம் என்று தெரிந்ததும் வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். ‘பாதுகாப்பாக உள்ளது’ என்ற முதல் செய்தி நம்மிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

சங்கத்தின் திரை என்றேன்.

செப்டம்பர் 17, புதன்

தோசைக்கு அரிசி ஊறப்போட்டேன். அரைக்கவில்லை. மாலையில் வடித்துக் கொட்டினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ஊரிலிருந்து ஆறு படகுகள் தேடப் புறப்பட்டன. முதலில் போனது ‘அமல அன்னை’. வியாகுலம் நான்கு நாள்கூடக் கரையில் நிற்கவில்லை. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். டீசலை மற்றப் படகுக்காரர்களே போட்டார்கள்.

சுனிதா என் பக்கத்தில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ‘அமல அன்னை’யோடு ‘கடல் விண்மீன்’ புள்ளியும் முகத்துவாரத்தைக் கடந்து போனது.

“பாத்தியளா மைனி” என்றாள். “தேடப் போறவரு கூட இவரும் சேந்து போறாரு. அவரயே தேடுறதுக்கு.”

பக்கத்தில் நின்றிருந்த பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சுனிதாவும் சிரித்தாள். அது நிற்காமல் நீண்டது. அவளைச் சுவரோரமாக உட்கார வைத்தோம்.

மதியம் ஜஸ்டஸ் என் வீட்டுக்கு வந்தார். போனில் சொல்லியிருக்கலாம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். காப்பி வேண்டாம் என்றார்.

“அக்கா, இன்னொண்ணு இருக்கு.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

படகின் பெரிய கருவி எஞ்சின் மின்சாரத்தில் ஓடுவது. அது ஐந்தாம் தேதி நின்றுவிட்டது. அதைத் தவிர ஒவ்வொரு படகிலும் கையடக்கமான அபாயக் கருவி ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடத்தோடு அழைப்பு வரும். அந்த அழைப்பு நிலையத்தில் அந்தப் படகின் உறையிடம்தான் ஒப்படைக்கப்படும். உறைதான் மணியை அடிக்கும். உறை இல்லை. புதிதாக ஒன்றை உண்டாக்கும் ஏற்பாடு சாதாரணச் செய்திக்கு மட்டும்தான் உண்டு, அபாய அழைப்புக்கு இல்லை. கருவி நிறுவனத்தின் மென்பொருள் அந்த அழைப்புகளை உரிமையாளர் இல்லாதவை என்று ஒரு மூலையில் போட்டுவிட்டது.

“எத்தன?”

“மூணு.”

“எப்ப?”

அவர் காகிதத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. வாசிக்கச் சொன்னேன்.

“கடைசி பன்னெண்டாந் தேதி மத்தியானம். அதுக்கு முந்தினது பத்தாந் தேதி.”

“மொதல்?”

“ஒம்பது, அக்கா. காலைல பதினொண்ணு அஞ்சுக்கு.”

அப்போது நாங்கள் எல்லோரும் திரைக்கு முன்னால்தான் இருந்தோம்.

ஜஸ்டஸ் அழுதார். வாசலில் நின்றே அழுதார். நான் அவரிடம், இந்த மூன்று இடங்களையும் காவல் படைக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். வரும் வழியிலேயே சொல்லிவிட்டதாகச் சொன்னார். கடைசி இடம் நாங்கள் தேடிக்கொண்டிருந்த பரப்புக்கு மிகவும் வடமேற்கே இருக்கிறது. அதாவது மூன்று நாட்களாகத் தவறான நீரில் தேடியிருக்கிறார்கள்.

சுனிதாவிடம் யார் சொல்வது என்று அவர் கேட்டார். நான் என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

சொன்னேன். எல்லாத் தேதிகளையும் சொன்னேன். ஒன்பதாம் தேதியையும், நேரத்தையும்.

அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“பன்னெண்டாந் தேதி வர உசிரோட இருந்திருக்காரு.”

“ஆமா.”

“பொத்தான அமுக்கியிருக்காரு. அவரே அமுக்குனாரா?”

“யாரு அமுக்குனான்னு தெரியாது பிள்ள. ஒன்பது பேருல யாரோ.”

“அவருதான் அமுக்கியிருப்பாரு. அடுத்தவன்கிட்ட குடுக்க மாட்டாரு.” அரிசியைக் கிளறினாள். “ஒம்பதாந் தேதி நீங்க எனக்கு எத்தன மணிக்குப் போன் பண்ணுனிய மைனி?”

“பதினொண்ணரை இருக்கும்.”

தலையை ஆட்டினாள். நான் கிளம்பும்போது, ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன்.

மாலையில் ஜஸ்டஸும் அலோசியஸும் சுனிதா வீட்டுக்கு வந்தார்கள். திருத்திய மென்பொருள் தயாராகிவிட்டது. அதை ஏற்ற நிலையத்தை நிறுத்தித் தொடங்க வேண்டும். தொடங்கினால் ‘கடல் விண்மீன்’ புள்ளி வரைபடத்தில் இருக்காது. இப்போது அது ‘அமல அன்னை’யோடு வடமேற்கே போய்க்கொண்டிருக்கிறது. ஊரார் பலருக்குக் காரணம் தெரியும், தெரிந்தும் பார்க்கிறார்கள்.

“ரெண்டு நாளு கழிச்சிப் போடட்டுமா தங்கச்சி?” என்றார் அலோசியஸ். “பிளேன் போயிட்டு வரட்டும்.”

சுனிதா ஜஸ்டஸைக் கேட்டாள். “ரெண்டு நாளைக்குள்ள வேற படகுக்கு இப்படி ஆவுமா?”

“ஆவலாம்.”

“அம்பது படகு கெடக்கு கடல்ல. அவங்க வீட்டுலயும் கிழங்கு அவிச்சி வச்சிட்டு செல்போனத்தான பாத்துட்டு இருப்பாளுவ.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “காலைலயே போடுங்க. எனக்காக வைக்கண்டாம்.”

அவர்கள் போன பிறகு செல்போனை எடுத்துச் சார்ஜில் போட்டாள்.

நிலுவையில் இருப்பவை: ஜஸ்டஸ் நாளை காலை எட்டு மணிக்கு நிலையத்தை நிறுத்தித் தொடங்குகிறார். கடைசி அழைப்பு வந்த இடத்துக்கும் அதிலிருந்து நீரோட்டம் போகும் திசைக்கும் விமானம் விடிந்ததும் புறப்படும். என்ன கண்டார்கள் என்பதைப் பன்னிரண்டு மணிக்குச் சொல்வதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். எட்டு மணிக்குப் பிறகு அவர் அழைக்கும்வரை என் தம்பி எந்தத் திரையிலும் இருக்க மாட்டான். அந்த நேரத்தில் சுனிதாவின் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.